கடலூரில் எடுத்த கோடி

காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள். மலேசியாவுக்கும் துபாய்க்கும் போய் வந்தவர்கள் படம் போட்டு எழுதுகிறார்கள். நான் பண்ருட்டியிலிருந்து கடலூருக்கும் அங்கிருந்து சிதம்பரத்துக்கும் ஒரு துணி எடுக்கப் போய்வந்ததை எழுதுகிறேன். தூரம் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் அவ்வளவு நீளமான பிரயாணம் நான் போனதில்லை.

என் தங்கச்சி கௌசல்யாவைச் சிதம்பரத்தில் கொடுத்திருந்தோம். கௌசி என்றுதான் கூப்பிடுவோம். மாப்பிள்ளை செந்தில் ஒரு காலையில் பல் விளக்கக் கொல்லைப்பக்கம் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருமாதி. அன்றைக்குப் புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுத்துணி போகவேண்டும். அதற்குப் பேர் கோடி. அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் இப்போது நானும் என் பெண்டாட்டி தனமும்தான். தனம் சாவு விழுந்த அன்றிலிருந்து கௌசிக்குத் துணையாகச் சிதம்பரத்திலேயே இருந்தாள்.

பண்ருட்டியில் துணிக்கடைக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க் கடையில் கோடி என்று சொன்னதும் கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிடுவார். அதற்கென்று இருக்கிற அலமாரியிலிருந்து அழுத நிறத்தில் நாலு புடவையை எடுத்துப் போடுவார். பேரம் கிடையாது. பையில் மஞ்சள் குங்குமம் வைக்கமாட்டார். கிளம்பும்போது அவர் "வாங்க" என்று சொல்லமாட்டார், நாமும் "வர்றேன்" என்று சொல்லக்கூடாது. எடுத்ததை மாற்றவும் முடியாது. கோடி போனால் போனதுதான்.

அந்த அலமாரியிலிருந்து என் தங்கச்சிக்கு எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவள் துணிப்பைத்தியம். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. சம்பளம் வந்ததும் முதல் செலவு துணிதான். பாவாடை கட்டின காலத்திலேயே ரிப்பன் நிறம் சேரவில்லை என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்றவள். போன தீபாவளிக்குச் செந்திலோடு கடலூர் போனபோது, லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஷோரூம் பொம்மை மேல் போட்டிருந்த நீளமான கவுனைப் படம் பிடித்துத் தனத்துக்கு அனுப்பியிருந்தாள். கடுகு மஞ்சள் நிறம், கழுத்தில் கையால் போட்ட வேலைப்பாடு, இரண்டு பக்கமும் பாக்கெட். "பொங்கலுக்கு எடுத்துக்கலாம்னு சொல்றாரு அண்ணி" என்று கீழே எழுதியிருந்தாள். பொங்கலுக்கு வேறு செலவு வந்துவிட்டது. பொங்கல் போய், செந்திலும் போய்விட்டார்.

கருமாதி முடிந்து ஒரு நாள் அவள் திரும்ப வேலைக்குப் போயாக வேண்டும். எதைப் போட்டுக்கொண்டு அந்த சென்டர் படி ஏறுவாள்? எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். தனம் அப்போதே எனக்கும் அனுப்பியிருந்த அந்தப் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

நெல்லிக்குப்பம் தாண்டும்போது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் போல. ஒருத்தி சொன்னாள், "துணி எடுக்கறதும் பொண்ணு பாக்கறதும் ஒண்ணுடி. பாத்ததெல்லாம் புடிக்கும், எடுத்தது புடிக்காது." சாதாரண நாளாக இருந்தால் இந்த வாய் அவர்களோடு கலந்து நாலு பழமொழி சொல்லியிருக்கும். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடலூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் முதலில் மஞ்சக்குப்பம் போனேன். டிசைனர் பொட்டிக் என்று போர்டு போட்ட ஒரு மாடி. உள்ளே பூ மாதிரி வாசனை. கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி தைத்தே கொடுக்கலாம், என்ன ஃபங்ஷன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "கலர் தீம் என்னா சார்? இப்ப எல்லாரும் தீம் வச்சிடறாங்க. குடும்பமே ஒரே கலர்ல நிப்பாங்க" என்றார்.

எங்கள் வீட்டு ஃபங்ஷனுக்கும் ஒரு கலர் தீம் உண்டு, அந்த அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தைத்துக் கொடுக்க நாளும் பத்தாது.

அடுத்தது ஒரு கம்பெனி ஷோரூம். பண்ருட்டியில் கடைக்குள் நுழைந்தால் உட்காரச் சொல்லி மோர் வாங்கித் தருவார்கள். இங்கே உட்கார ஒரு முக்காலி இல்லை. நமக்கு வேண்டியதை நாமே துழாவ வேண்டும். சட்டை எல்லாம் தோள் இறங்கி, எதிர்வீட்டு அண்ணனுடையதைப் போட்டுக்கொண்டது போலத் தொங்கியது. ஓவர்சைஸ், அதுதான் இப்போது ஃபேஷன் என்றான் ஒரு பையன். படத்தைக் காட்டினேன். ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை. "இது போன சீசன் சார்."

சீசன் என்ற வார்த்தை எனக்குப் புதிசா? பலாப்பழத் தரகு எனக்கு. எங்களுக்கு ஒரு சீசன் போனால் வருஷம் திரும்பினால் அதே மரத்தில் அதே சீசன் வரும். இங்கே போனது வராதாம்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டதோடு சரி. பக்கத்தில் சாப்பிட்ட ஆட்டோக்காரர் இலையைப் பார்த்துவிட்டு, "சோறு கோவிச்சுக்கினா வயித்துக்குத்தான்ணே நஷ்டம், சோத்துக்கு இல்ல" என்றார். வேறொரு நாள் என்றால் இந்தச் சொல்லுக்காகவே அவருக்கு டீ வாங்கித் தந்திருப்பேன்.

கடைசியில் அந்த லாரன்ஸ் ரோட்டு ஷோரூமுக்கே போனேன். முதலிலேயே ஏன் போகவில்லை என்றால், பயம். அங்கேயும் இல்லை என்றால் அப்புறம் போக இடம் இல்லை. அந்தப் பொம்மை அதே இடத்தில் நின்றது, பச்சையில் வேறெதையோ மாட்டிக்கொண்டு. மனுஷி மாதிரி துளி வருத்தம் இல்லை அதுக்கு.

நித்யா என்று நெஞ்சில் பேர் குத்திய ஒரு பெண் வந்தது. படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தது. "ஐயோ, இதுவா சார், நல்லா ஓடிச்சி. இருக்கான்னு தெரியலையே. மேடத்துக்கு என்னா சைஸ்?"

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுவேன். கூடப்பிறந்தவள் சைஸ் எனக்குத் தெரியவில்லை. "உன்ன மாதிரிதாம்மா இருக்கும்" என்றேன். "அப்ப எம்மு, இல்லன்னா எல்லு" என்றது. அப்புறம் கேட்டது, "என்ன விசேஷம் சார்?"

கோடி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் முகத்திலும் சிரிப்பு நின்றுபோகும். எங்கேயோ இருக்கிற அழுத நிறத்து அலமாரி இங்கேயும் திறந்துகொள்ளும். "பொறந்தநாள்" என்று சொல்லிவிட்டேன். "தங்கச்சிக்கு."

"அண்ணன் வாங்கித் தர்றீங்களா? எனக்கும் இருக்குதே ஒண்ணு, ஒரு கர்ச்சீப்பு வாங்கித் தராது" என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடியது. ரொம்ப நேரம் வரவில்லை. கோடவுனைப் புரட்டிப் போட்டிருக்கும் போல. வரும்போது தலையெல்லாம் தூசி. கையில் கடுகு மஞ்சள்.

"லாஸ்ட் பீஸ் சார். எல்லு தான் இருக்கு. பத்தலன்னா பில்லோட வாங்க, வேற எதுன்னாலும் மாத்திக்கலாம்."

பில் போடும் இடத்தில் நான் நிற்க, அந்தப் பெண்ணே பட்டர் பேப்பரில் மடித்து, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே பளபளக்கிற தாள் சுற்றி ரிப்பன் கட்டியது. "உள்ள நம்ம ஷோரூம் கிஃப்ட்டும் இருக்கு சார். என்னான்னு கேக்காதீங்க, மேடம் பிரிக்கறப்ப சர்ப்ரைஸ்" என்றது. ஏதோ மிட்டாய் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. கிடைத்துவிட்டதே என்பதைத் தவிர மண்டையில் வேறொன்றும் இல்லை.

"மேடத்தையும் கூட்டிட்டு வாங்க சார்."

"வர்றேம்மா" என்றேன். படி இறங்கின பிறகுதான் கால் நின்றது. கையில் கோடியை வைத்துக்கொண்டு "வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

சிதம்பரம் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வழி நெடுக மெல்லிசாக வளையல் சத்தம். முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தது. கை நிறையப் போட்டிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் கிட்டே டயர் பஞ்சர் ஆகி எல்லோரும் இறங்கி நின்றோம். அந்தப் பெண்ணின் கையில் ஒரு வாட்ச்தான் இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்து என்ன, புத்தியில் ஏறவில்லை.

புளியமர நிழலில் பரங்கிப்பேட்டை பாய் ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். பல வருஷம் வெளிநாட்டில் கடை வைத்திருந்தவராம். பளபளப்புப் பெட்டியைப் பார்த்து, "யாருக்கு மாப்ள இவ்ளோ ஜோரா?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்கப் பொய் சொல்லி வாய் கசந்துபோயிருந்தது. தங்கச்சிக்குக் கோடி என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணை மூடி ஒரு துஆவை முணுமுணுத்தார். பிறகு சொன்னார், "ஆண்டவன் நாள அளந்து குடுக்கறான், நாம துணிய அளந்து எடுக்கறோம்." கொஞ்சம் கழித்து, "எங்கள்ல புருஷன் போயிட்டா இத்தான்னு ஒண்ணு இருக்கு. நாலு மாசம் பத்து நாளு. அதுக்கப்புறம் அவுங்க எப்பவும் போல உடுத்திக்கலாம். உங்கள்ல எத்தினி நாளு?"

நாள் கணக்கு எங்களுக்கு யாரும் வைக்கவில்லை. டயர் மாட்டியாகிவிட்டது என்று கண்டக்டர் கூப்பிட்டார்.

சாவு வீட்டில் படுக்க இடம் இல்லாததால் சிதம்பரத்தில் லாட்ஜில் தங்கினேன். சனிக்கிழமை காலை தனம் வந்தாள். சாப்பிடக் கூட்டிப்போனேன். சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சு இட்லிக்கு அமிர்தம் என்பார்கள். எங்கள் ஊரில் இந்த ருசி வராது. இரண்டு பேரும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கௌசி எப்படி இருக்கிறாள் என்றேன். "நிக்கறா, உக்கார்றா. சொன்னா குளிக்கறா. சோறுதான் எறங்கல" என்றாள்.

பெட்டியைக் காட்டினேன். தனம் முதல் வேலையாக ரிப்பனையும் பளபளப்புத் தாளையும் பிய்த்து எறிந்தாள். மூடியைத் தூக்கி, பட்டர் பேப்பருக்கு மேலாகவே மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். கோடியைப் போடுகிறதுக்கு முன்னால் பிரிக்கக்கூடாது என்பதால் பிரிக்கவில்லை. மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இதத் தட்டுல வச்சா நம்மள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க. நம்மளக் கேட்டா பரவால்ல. நாம பஸ் ஏறிப் பூடுவோம். அவதான் அங்க இருக்கணும்."

"அதுக்காக அவ காலம் பூரா அழுக்குக் கலர் கட்டிக்கணுமா?"

"நான் கட்டச் சொல்றனா? தட்டுல ஒரு பொடவ வையிங்க. இது பையில இருக்கட்டும். கூட்டம் போனப்பறம் அவ கையில குடுங்க."

அவள் சொன்னதுதான் சரி. மேலவீதியில் ஒரு கடையில் சாம்பல் நிறத்தில் பூப்போட்ட புடவை எடுத்தோம். தனம் கடைக்காரர் காதருகில் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். அவர் குங்குமச் சிமிழை மேஜைக்குக் கீழே தள்ளிவிட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வாங்க என்று சொல்லவில்லை. நாங்களும் பேசாமல் இறங்கினோம். தேரோடுகிற அவ்வளவு அகல வீதியில் நடக்க இடம் இல்லாதது மாதிரி ஒட்டி ஒட்டி நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. இப்போதெல்லாம் யாரும் வளையலை உடைப்பதில்லை. கழற்றிச் சொம்புப் பாலில் போட்டுவிடுகிறார்கள். நாகரிகம் வளர்ந்துவிட்டது. உள்ளே பெண்கள் அதை முடித்துவிட்டு, கௌசியைக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. மணிக்கட்டு இவ்வளவு மெலிசா என்று பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"பொறந்த வூட்டுக் கோடி" என்று யாரோ கூப்பிட்டார்கள். தனம் தட்டில் புடவையை வைத்துக் கொண்டுபோனாள். செந்திலின் பெரியம்மா, காரியம் பார்த்துப் பழகின கை, சுவரோரம் இருந்த எங்கள் பையையும் இழுத்தது. "இதுவும் பொறந்த வூட்டுதுதான? தனியா வச்சின்னு? சேத்து வையி." நான் எழுந்து போவதற்குள் பெட்டி மூடி திறந்து, பட்டர் பேப்பர் தட்டில் கவிழ்ந்தது.

கண்ணாடி வளையல். கடுகு மஞ்சளில் பொன் புள்ளி வைத்து, துணிக்கு மேட்சாக ஒரு டஜன். கூடவே ஒரு அட்டை நிறைய ஸ்டிக்கர் பொட்டு. ஒரு வளையல் தட்டைத் தாண்டிச் சிமெண்டுத் தரையில் உருண்டு, கௌசியின் முழங்காலில் முட்டிச் சாய்ந்தது.

பெரியம்மா கேட்டார், "யாரு வச்சது இத?"

கடலூரில் அந்தப் பொண்ணு தூசித் தலையோடு சிரித்தது கண்ணுக்குள் நின்றது. அது என்ன செய்யும்? பிறந்தநாள் என்று சொன்னது நான்.

"என்னுதுங்க" என்றாள் தனம். குனிந்து எல்லா வளையலையும் அள்ளினாள், அந்த முழங்காலோரத்து வளையலையும் சேர்த்து. "எனக்கு எடுத்தது. அவசரத்துல இதுல வச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க." சொல்லிக்கொண்டே எல்லோரும் பார்க்கத் தன் கையில் மாட்டினாள். அவள் கைக்கு அது சின்ன அளவு. விரலைக் குவித்து அழுத்தித் தள்ளினாள். ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறி ரத்தம் கசிந்தது. விடாமல் மற்றதையும் ஏற்றினாள். இப்போதெல்லாம் உடைப்பதில்லை என்று சொன்னேனே, அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஒன்று உடைந்தது. உடைந்தது என் பெண்டாட்டி கையில்.

பெரியம்மா கவுனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது என்னா? சின்னப் புள்ளைங்க போடறது."

கௌசி அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினாள். "அது எனக்கு." கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தட்டில் இருந்த சாம்பல் புடவையை மேலே போர்த்தினார்கள், தலையைக் குனிந்துகொடுத்தாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உள்ளறைக்கு எங்களைக் கூப்பிட்டாள். கவுனைப் போட்டுக்கொண்டு நின்றாள். எங்கே பிடித்தாய் அண்ணே என்று கேட்கவில்லை. பக்கத்துப் பாக்கெட் இரண்டிலும் கையை விட்டுக்கொண்டாள். விட்டதும் வெறும் மணிக்கட்டு இரண்டும் மறைந்துபோயின. ஒரு நொடி, தீபாவளிக்குப் பொம்மை பக்கத்தில் நின்றவள் மாதிரியே இருந்தாள்.

அப்புறம்தான் தெரிந்தது. தோள் இறங்கி, இடுப்பில் ஒரு கைப்பிடி துணி சும்மா தொங்கியது. இந்தக் கொஞ்ச நாளில் என் தங்கச்சி அவ்வளவு வற்றிப்போயிருந்தாள்.

"லூசா இருக்குல்லண்ணே?"

"மாத்திக்கலாம்னு அந்தக் கடைப் பொண்ணு சொல்லிச்சிம்மா. பில்லு இருக்கு" என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

கௌசி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "கோடிய யாருண்ணே மாத்துவாங்க?" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு, கவுனைக் கழற்றிப் புடவையோடு வந்தாள். கவுனைப் பட்டர் பேப்பரில் பழைய மடிப்பு மேலேயே மடித்து, பீரோவின் மேல்தட்டில் செந்தில் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தனம் கையை முந்தானைக்குள் சுற்றி மறைத்துக்கொண்டே நின்றாள். அசைந்தால் சத்தம் வருமே என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கருமாதி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. ஊர் முழுக்கப் பேசித் திரிகிறவன், கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதும் உண்டு. பார்க்கவில்லை.

பஸ்ஸில் தனம் அந்த வளையல்களைக் கழற்றப் பார்த்தாள். கை வீங்கியிருந்தது. "சோப்பு போட்டாத்தான் வரும்" என்று விட்டுவிட்டாள். புதுச்சத்திரத்தில் அந்தப் புளியமரம் வந்தது, போனது. எங்களுக்கு முன் சீட்டு காலியாகக் கிடந்தது. பஸ் குலுங்குகிறபோதெல்லாம் அந்தச் சத்தம், போகும்போது கேட்ட அதே சத்தம், பண்ருட்டி வரைக்கும் கூடவே வந்தது.